நான்காவது நிபுணர்

1.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்தில் இடம் மிச்சமிருந்தது. நூற்றிருபது வார்த்தைக்கான இடம். ‘மனக்கொந்தளிப்பில் எழுதினேன்’ என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் என் அக்காவின் உயிரோடு விளையாடியது அந்த நூற்றிருபது வார்த்தைதான்.

(கடைசி வாக்கியத்தை இவ்வளவு சீக்கிரம் போட்டு உடைத்திருக்கக் கூடாது. போகட்டும். இதய விஷயத்தில் பதற்றம் ஆகாது என்று நிபுணர்களே சொல்கிறார்கள்.)

2.

முதல் தொடக்கம்: ‘மனித இதயம் ஒரு நாளைக்கு லட்சம் முறை...’ வேண்டாம். நான் உதவி ஆசிரியராக இருக்கும் உடல்நல மாத இதழில் இதே வாக்கியத்தைப் பதினோரு தடவை எழுதிவிட்டேன்.

இரண்டாவது: ‘அக்காவின் ஆஞ்சியோ ரிப்போர்ட் வந்த அன்று வானம்...’ அன்று வானத்தை யார் பார்த்தார்கள்?

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

3.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கள் இதழுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேசை. முப்பது வருஷமாக அவள் கண்ணில் படாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போனதில்லை. அதனால் அவளுக்கு ஒரு கோளாறு ஒட்டிக்கொண்டது: வாயால் சொன்னால் நம்ப மாட்டாள், அச்சில் வந்தால் சந்தேகப்பட மாட்டாள்.

போன மாதம் ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். “செருப்பு வார் கழண்டுடுச்சுடா” என்றாள். அவள் போட்டிருந்தது வாரே இல்லாத செருப்பு. இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்ததில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான குழாயில் பெரிய அடைப்பு. பைபாஸ் செய்ய வரும் திங்கள்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள்.

அதே வாரம் எங்கள் ஆசிரியர் இதய நோய்ச் சிறப்பிதழ் என்று கிளம்பினார். ‘ஒரு நோயாளி, நான்கு நிபுணர்கள்.’ நோயாளிக்கு எங்கே போவது? ரிப்போர்ட் என் பையிலேயே இருந்தது. பெயரை மறைத்துவிட்டு நான்கு பேருக்கும் அனுப்பினேன்.

4.

அறுவைசிகிச்சை நிபுணர், நெஞ்சைத் திறப்பதுதான் வழி என்றார். ஜலதோஷத்தோடு போனாலும் அதையே சொல்வார் போலிருந்தது. ஸ்டென்ட் நிபுணர், “எதுக்குங்க அவ்ளோ பெரிய வெட்டு? மணிக்கட்டு வழியா உள்ள போயிட்டு வந்துடலாம்” என்றார், கடைக்குப் போய் வருகிற மாதிரி. மூன்றாமவர் ஆபத்துக் கணக்கு நிபுணர். வயது, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் வைத்துப் பத்து வருஷத்து ஆபத்தைப் புள்ளியோடு சொல்பவர். அக்காவுக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டேன்.

“கணக்கெல்லாம் வரப்போற நோய்க்குத்தான் சார். இவங்களுக்கு வந்தாச்சு. சீக்கிரம் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

மூவரும் ஒருவரை ஒருவர் முட்டாள் என்று மரியாதையான மொழியில் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள். தள்ளிப்போடக் கூடாது.*

(*இந்த வரியை அழுத்தமான எழுத்தில் போட்டிருக்க வேண்டும். அந்த எழுத்தைத் தலைப்புக்குச் செலவழித்துவிட்டேன்.)

நான்காமவரிடமிருந்து பதில் வரவில்லை. அவருடைய உதவியாளர் போனில், “டாக்டர் மாநாட்டுல இருக்கார். நீங்களே எழுதிடுங்க சார், எப்பவும் அப்படித்தானே?” என்றார். எங்கள் ஆசிரியர் தலையை நீட்டி, “மூணு பேரும் அவசரம்னா பக்கம் சப்புன்னு இருக்கு. இவரு கொஞ்சம் நிதானமா பேசட்டும்” என்றார்.

5.

நான்காமவரின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த நூற்றிருபது வார்த்தையில் அவரை நான் உருவாக்கினேன். ‘நோயைப் பார்க்காதீர்கள், நோயாளியைப் பாருங்கள். மாத்திரை, நடை, மன அமைதி. ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.’ கதாபாத்திரம் என்ற வகையில் எனக்கு அவர்மேல் சந்தேகம்தான். எந்த டாக்டர் இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார்?

ஆனால் அவரை எழுதிய அரைமணி நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவின் நெஞ்சைப் பிளப்பார்கள் என்று நினைத்தாலே வேறு ஏதாவது பக்கத்தை எடுத்துவைத்துக்கொள்வேன். யாராவது ஒருவர் ‘அவசரமில்லை’ என்று சொல்லமாட்டாரா என்று கிடந்தேன். யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

6.

பக்கம் மெய்ப்புக்குப் போனது. அக்கா கூப்பிட்டாள்.

“இது என் ரிப்போர்ட்தானே?”

“ஆமாக்கா.”

“நாலு பெரிய டாக்டர்கிட்ட ஓசியில கேட்டிருக்கே. கெட்டிக்காரன்டா நீ.” அவள் முகத்தில் பத்து நாளாகக் காணாத சிரிப்பு. “இதுல இந்த நாலாவது ஆளுதான் மனுஷன். மத்தவங்க குழாயப் பாக்கறாங்க, இவரு என்னைப் பாக்கறாரு. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன்.”



“அக்கா, அது நான் எழுதினது.”

“எல்லாமே நீ எழுதினதுதானே.”

“இல்ல, அவரு ஒண்ணுமே சொல்லல. நானா எழுதினேன்.”

“ஃபோட்டோ போட்டிருக்கு” என்றாள். “என்னை ஆபரேஷனுக்குத் தள்ளணும்னு இப்படியெல்லாம் பொய் சொல்லாதடா.”

‘இது நான் சொன்னதில்லை’ என்று நான்காமவரிடமே மறுப்பு வாங்கலாம் என்று அவருடைய உதவியாளருக்குப் போன் போட்டேன்.

“நீங்க அனுப்பின பக்கத்தை டாக்டர் படிச்சுட்டார் சார். ரொம்பப் பிடிச்சிருக்காம். இனிமே கூட்டத்துல இதையே பேசப்போறாராம்.”

“ரிப்போர்ட்டைப் பாத்தாரா?”

“ரிப்போர்ட்டா? ஃபோட்டோதான் பழசா இருக்கு, மாத்தச் சொன்னார்.”

7.

முடிவுகள்.

அ) அக்கா மனம் மாறி, சிகிச்சை முடிந்து, மூன்றாம் மாதம் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறாள். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் மனம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆ) செவ்வாய்க்கிழமை காலை, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேசையில்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

இ) நான்காமவர் புது ஃபோட்டோவோடு விருது வாங்குகிறார். இது நடக்கும். கதைக்குத் தேவையில்லை.

8.

நான்காமவரின் கட்டத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆசிரியர் கத்தினார், கத்தட்டும். அந்தச் சிறப்பிதழிலேயே இந்தக் கதையும் வருகிறது. அப்படியானால் இதன் மெய்ப்பு இன்று மதியம் யார் மேசைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதுவரை வாசகரே, வாசகரே என்று நான் மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்ததும் அவளைத்தான்.

அக்கா, வாயால் சொன்னேன், நீ நம்பவில்லை. இதோ அச்சில் சொல்கிறேன். உனக்குப் பிடித்த அந்த மனுஷன் நான்தான். எனக்கு வைத்தியம் தெரியாது. பயம்தான் தெரியும். ஆறு மாதம் என்று எழுதியது உனக்காக இல்லை, எனக்காக.

ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டேன். திங்கள்கிழமை இடத்தை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். பைபாஸா ஸ்டென்டா என்று அந்த இரண்டு பேரும் அடித்துக்கொள்ளட்டும், நீ உள்ளே போய்ப் படுத்தால் போதும். காலை ஆறரைக்கு உன் வீட்டு வாசலில் காரோடு நிற்பேன்.

முடிவை நான் எழுதவில்லை. நீ கதவைத் திறந்து வந்தால்தான் அது எனக்குத் தெரியும்.