அரசர் பவனி

மழை விட்டு அடித்த வெயிலில் திரேஸ்புரம் கடற்கரை முழுக்க நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பிரகாசி குனிந்து புரட்டிப் போட்டுக்கொண்டே வந்தாள். கைதான் இங்கே, மனசு அக்கரைச் சிறையில் கிடந்தது. மீன்பிடிக்கப் போய் எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்ட பதினொரு பேரில் அவள் புருஷன் ஜாக்சனும் ஒருவன். ஆச்சு, எழுபது நாள். அவள் கொடுக்காத மனு இல்லை, ஏறாத படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐரோப்பாவிலிருந்து ஓர் இளவரசர் முத்துக்குளித்துறையைப் பார்க்க வருகிறார், மறுநாள் அக்கரைக்குப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. அங்கே போகிறவர் நம்ம ஆம்பளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று முதலில் சொன்னவள் பிரகாசிதான். அவர் வண்டி போகும் கடற்கரைச் சாலையில் பதினொரு படங்களோடு நிற்க வேண்டும். ஆனால் கூட்டம் கூட யார் அனுமதி தருவார்கள்?

அனுமதி தானாக வந்து மடியில் விழுந்தது. அதே ஞாயிறு கிறிஸ்து அரசர் திருநாள். மாதர் சபைத் தலைவி என்ற முறையில் வருஷா வருஷம் எழுதுவதைப் போலவே பிரகாசி எழுதிக் கொடுத்தாள்: ‘ஞாயிறு மாலை நாலு மணி, கடற்கரைச் சாலையில் அரசர் பவனி.’ அந்தக் கரையில் அரசர் என்றால் ஒருவர்தான், பேர் சொல்ல வேண்டியதில்லை. இளவரசர் வேலையில் மூழ்கிக் கிடந்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா சிவப்பிரகாஷ் அதையும் இளவரசர் பவனி என்றே எண்ணி அந்தக் காகிதக் கட்டிலேயே சேர்த்து, பத்து நாள் இழுக்கிற முத்திரையைப் பத்தே நிமிஷத்தில் குத்திக் கொடுத்துவிட்டான்.

படங்கள் விஷயம் காதுக்கு எட்டியதும் சிவப்பிரகாஷின் மேலதிகாரியே வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். ரெண்டு நாட்டு விவகாரம், நேரம் சரியில்லை, பவனியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்றார். கெஞ்சினார், அப்புறம் மிரட்டினார். பிரகாசி உப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ராசா நாளு ஒலகம் பூரா ஒரே நாளு சார். அத மாத்த முடியாது. ஒங்க ராசாவ வேணும்னா தள்ளி வரச் சொல்லுங்க."

பின்னால் தலைகுனிந்து நின்ற சிவப்பிரகாஷைப் பார்த்ததும், அந்தத் தம்பியை ஒன்றும் செய்துவிடாதீர்கள், நாங்கள் பொய் எழுதவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். சும்மா சொல்லக் கூடாது, இவளைப் போல இன்னொருத்தி இந்தக் கரையில் பிறந்துதான் வரவேண்டும். அதிகாரி ஜீப்பில் ஏறிப் போனார்.

ஞாயிறு நாலு மணிக்குக் கிறிஸ்து அரசர் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு நூறு பெண்கள் பாடியபடி சாலையில் இறங்கினார்கள். முன்வரிசையில் பதினொரு படங்கள். புதுத் தார் பளபளத்தது. இரண்டு பக்கமும் பத்தடிக்கு ஒரு போலீஸ். நாலரை ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. ஒரு காரும் வரவில்லை. ஓரத்தில் நின்ற போலீஸ்காரி சரண்யாதேவிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"அவரு நேத்து விடியக்காலமே துறைமுகத்துக்குள்ள பாத்துட்டுப் போயிட்டாருக்கா. இந்நேரம் அக்கரையில இருப்பாரு."

"அப்ப இவ்வளவு போலீஸ் யாருக்கு?"

"ஒங்களுக்குத்தாங்க்கா."

 பிரகாசியின் கால் நிற்கவில்லை. ஜாக்சன் படத்தைக் கடல் பக்கமாகத் திருப்பி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். பின்னால் பத்துப் படங்களும் கடலைப் பார்த்துத் திரும்பின. கடல் பக்கம் நின்ற போலீஸ்காரர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, லத்தியோடு பெண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.