மேடைக்குப் போன சஹன்

நடிக்கிறவர்களுக்கு என்ன, முகத்தில் பவுடரைப் பூசிக்கொண்டு போய் நின்றால் போதும். கதிரை மேசை தூக்குவது, சாமான் தேடுவது, திரைக் கயிறு இழுப்பது எல்லாம் நான். கல்முனையில் எங்கள் நாடகக் குழு இந்தச் சுஹறா இல்லாமல் ஓடாது. இதையும் நானேதான் சொல்லவேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதாகக் காணோம்.

இந்த முறை, குழுவை நடத்தும் பஹ்மி சேர் எழுதியது, கோபித்துக்கொண்ட அண்ணன் தம்பி கதை. கடைசிக் காட்சியில் கலியாண வீட்டுச் சஹனில், அதுதான் சுற்றியிருந்து எல்லோரும் கைபோட்டுத் தின்னும் பெரிய தட்டில், இருவரும் ஒன்றாகச் சோறு தின்று சேரவேண்டும். அண்ணன் வேஷம் என் புருஷன் மசூருக்கு. தம்பி வேஷம் என் கூடப்பிறந்த அண்ணன், ஜவுபர் காக்காவுக்கு. அங்கேதான் வந்தது வினை. காக்கா வயதில் மூத்தவர்.

"நரைச்ச தாடியோட நான் இவனக் காக்கா எண்டு கூப்பிடணுமா?" என்று குதித்தார்.

"தாடிக்கு மை பூசினாச் சரி மச்சான்" என்று என்னவர் எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. வீம்புக்கு வேஷத்தை இருவரும் விடவில்லை. ஆனால் காக்கா எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டுவிட்டார். பின்னேரமானால் வந்து, என் கையால் தேத்தண்ணி குடித்து, அதில் ஒரு குறையும் சொல்லிவிட்டுப் போகிற மனிதர். அந்தக் குறையைக் கேட்காமல் எனக்கு வீடே வெறிச்சென்று கிடந்தது.

ஒத்திகையில், சாமான் பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம் அட்டையை நொறுக்கிச் சோறு என்று வைத்திருந்தோம். இருவரும் சஹனைத் தொடாமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து வசனம் சொன்னார்கள். 'காக்கா' என்று கூப்பிடவேண்டிய இடத்தில் மட்டும் ஜவுபர் காக்காவுக்கு இருமல் வந்துவிடும். பாண்டிருப்பிலிருந்து வந்து எங்களுக்கு வேஷம் கட்டிவிடும் செல்லத்தங்கம் என் காதைக் கடித்தாள்.

"ரெஜிபோமப் பார்த்து ஆருக்குகா மனம் இளகும்?"

அட, சரிதானே!

நாடகத்தன்று நெய்ச்சோறும் கோழிக்கறியும் ஆக்கினேன். பஹ்மி சேருக்குச் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். குழுவில் எல்லோருக்கும் பசிக்குத் தின்ன ரோல்ஸ் கொடுத்தேன். என் இரண்டு வீரர்களுக்கு மட்டும், "முடிஞ்சி போச்சி" என்று கையை விரித்தேன். சஹனில் வேண்டுமென்றே ஒரே ஒரு கோழிக்கால் வைத்து மூடினேன்.

மேடையில் மூடியைத் திறந்தார்கள். நெய் வாசம் முன்வரிசை வரைக்கும் போனது. என்னவர் வசனத்தை விட்டுவிட்டுக் கோழிக்காலையே பார்த்தார். காக்கா சோற்றைப் பார்த்தார், பிறகு திரையோரம் என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். பசி பொல்லாதது. இரண்டு கைகளும் ஒன்றாகச் சஹனில் இறங்கின.

கடைசியில் அந்தக் கோழிக்கால் மிஞ்சியது. காக்காவுக்குக் கோழிக்கால் என்றால் உயிர், அது என்னவருக்கும் தெரியும். மெல்ல அதைக் காக்காவின் பக்கம் தள்ளிவைத்தார். காக்கா திருப்பித் தள்ளினார்.

"நீ தின்னு மச்சான்."

தம்பி அண்ணனை மச்சான் என்கிறான்! மண்டபம் கொல்லென்று சிரித்தது. இவர்களின் சண்டை ஊருக்கே தெரியும், அதனால் கைதட்டலும் சேர்ந்து எழுந்தது. பஹ்மி சேர் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"நாடகம் நாசமாப் போச்சி! திரையப் போடுங்க சுஹறா, திரையப் போடுங்க!"

கயிறு என் கையில்தான் இருந்தது. இழுக்க மனம் வரவில்லை. அந்த 'மச்சான்' எனக்குத் தேனாக இனித்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க சேர். அவங்க தின்னட்டும்."

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் திரையை இழுத்தேன். உள்ளே இருவரும் எழும்பவில்லை. கோழிக்காலைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றுகொண்டிருந்தார்கள். காக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"சோத்துக்கு உப்புக் கூடிட்டு, சுஹறா."

வேறு யாரும் சொல்லியிருந்தால் அகப்பையைத் தூக்கியிருப்பேன்.

"நாளைக்கு நம்மட ஊட்ட வாங்க காக்கா, உப்புக் குறைச்சி ஆக்கித் தாறன்."

"ஓம், வாறன்" என்றார் வாயில் சோற்றோடு.