கயிற்றுக்கு அந்தப் பக்கம்

அப்பாவின் தம்பி ஆசிஃப் சாச்சா கையை நீட்டிக்கொண்டே வந்துவிட்டார். சிம்ரா போனைத் துப்பட்டாவுக்குள் இறுக்கிக்கொண்டு பிணவறைச் சுவரோடு ஒட்டினாள். சார்ஜ் போய்விட்டது என்றாள். பொய். பதினாறு வயதில் சாச்சாவிடம் அவள் சொல்லும் முதல் பொய்.

“அண்ணன் அனுப்புன படம்லாம் உங்கிட்டதான கீது? சார்ஜ் போட்டுக் குடு. அந்தப் பொம்பள யூனிபார்ம இன்னிக்கே கழட்டணும்.”

உள்ளே அப்பா குலாம் முகம்மது. வாசலில் அவருடைய பத்திரிகைத் தோழர்கள், இருபது போட்டோகிராபர்கள், கேமராக்களைத் தரையில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தி.நகரில் பெயின்ட் குடோன் எரிந்தபோது, படம் எடுக்க உரிமையுள்ளவரைப் போலீஸே நெருப்புக்குள் தள்ளியதாம். காவலர் பேச்சியம்மாளை சஸ்பெண்ட் செய்யும்வரை உடலை வாங்க மாட்டோம் என்றார்கள். எவரோ எடுத்த ஒரு படம் எல்லார் போனிலும் ஓடியது. அப்பாவின் காலரில் அவள் கை, பின்னால் தீ.

சிம்ரா அம்மி என்று கூப்பிடும் அம்மாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. இரண்டாவது நாளாக மனுஷனை ஐஸில் போட்டிருக்கிறீர்களே, சாயங்கால அஸர் தொழுகைக்குள்ளாவது மண்ணில் வைக்க விடுங்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. எடுத்ததை நின்ற இடத்திலிருந்தே சிம்ராவுக்கு அனுப்புவார். அவள்தான் பொறுக்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவாள். அன்று கடைசியாக வந்தது கோணல் படம். மூலையில் காக்கிக் கை, குறுக்கே போலீஸ் கயிறு, அதற்கு அந்தப் பக்கம் தூரத்தில் தீ. அப்பாவை வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள். கூடவே அவர் குரல்: “உள்ள தின்னர் டிரம் கீதாம். இந்தம்மா விடமாட்டேங்குது. இது போதுமாடா?”

அவள் தட்டினாள்: ‘தீயே தூரமாதான் தெரியுது. நீங்க பிரஸ், அவங்க தடுக்க முடியாது. கிட்ட போங்க.’

இரண்டு நீல டிக்.

மூன்று மணிக்கு சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. ஜெயிச்சிட்டோம் பாபி என்று அண்ணியிடம் சொன்னார் சாச்சா. குளிப்பாட்ட ஆள் வந்தாச்சா என்று கேட்டாள் அம்மி.

குழாயடியில் சிம்ரா முகம் கழுவும்போது சாதாரணப் புடவையில் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். வலது கை முழங்கைவரை கட்டு. யூனிபார்ம் இல்லாததால் வாசலில் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

“ரெண்டு தடவ கயித்துக்கு வெளிய கொண்டாந்து விட்டேன் பாப்பா. போனப் பாத்தாரு. கைய உதறிட்டு ஓடிட்டாரு.”

சிம்ரா குழாயை மூடவில்லை.

“பிடிக்கப் போயிதான் இந்தக் கை வெந்துச்சு. எம் பிள்ளையே அந்தப் படத்தக் காட்டி, ஏம்மா தள்ளுனன்னு கேக்குறான்.”

பிணவறைக் கதவு திறந்தது. தோள் கொடுக்க ஆள் கூப்பிடும் சாச்சாவின் குரல் கேட்டது. பேச்சியம்மாள் நகரவில்லை.

“அவரு படம்லாம் ஒனக்குத்தான் வருமாமே. நீ சொல்லு பாப்பா. நான் இழுத்தேனா, தள்ளுனேனா?”