இரண்டு தட்டு

ஜப்பான்காரனின் கம்பு விழுந்ததும் தோட்டக் கணக்கெழுதும் கிராணி ஆரோக்கியத்தின் முன்பற்கள் மண்ணில் தெறித்தன. மலாயாவின் கோலா சாவா ரப்பர் தோட்டமே, காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தது.

"மேசையத் தட்டி எவனுக்குடா சேதி அனுப்புன? ரேடியோ எங்க?" என்று மொழிபெயர்ப்பாளன் கத்தினான்.

எல்லாம் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன நட்சத்திரப் புத்தகத்தால் வந்த வினை. அதில் கிரகங்களை அளந்து எழுதிய ஆசிரியர், கடைசி அத்தியாயத்தில் ஆவிகள் மேசை தட்டிப் பேசுவதையும் ஆராய்ந்திருந்தார். அதைப் படித்த கிராணி, ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போய்த் திரும்பாத ஆண்களின் மனைவிமாரை மேசையைச் சுற்றி உட்காரவைத்தான். ஒரு தட்டு என்றால் புருஷன் செத்தான், இரண்டு என்றால் உயிரோடிருக்கிறான். எல்லாருக்கும் இரண்டே கேட்டது. அதை நம்பித்தான் அவர்களில் ஒருத்தியான பஞ்சாலை, அப்பனைக் கூட்டிவரச் சொல்லி ஒரே மகனையும் சயாம் லாரியில் ஏற்றிவிட்டாள்.

அடுத்த அடியில் கிராணியின் மணிக்கட்டு முறிந்தது.

"ரேடியோவும் இல்ல, ஆவியும் இல்லய்யா! நான்தான் மொழங்காலால மேசைய இடிச்சேன். அழுவுறாளுங்களேன்னு ரெண்டா இடிச்சேன்!"

விஷயம் புரிந்ததும் ஜப்பான்காரன் வயிறு குலுங்கச் சிரித்தான். கம்பை வீசிவிட்டுப் போய்விட்டான்.

தப்பித்தோம் என்று கிராணி கண்ணைத் திறந்தான். பஞ்சாலை கம்பை எடுத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"எந்த மொழங்கால்டா?" என்றாள்.