பொட்டலத்தின் மேல் அரைக்காது

நாய் பிஸ்கட் விற்றுத்தான் அக்காவும் தங்கையும் தங்கள் நாய்க் காப்பகத்தை நடத்தினார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தத்துக்குக் காத்திருக்கும் ஒரு நாயின் படமும் காப்பகத்தின் முகவரியும் இருக்கும். அது தங்கையின் யோசனை. இந்த மாதம் அரைக்காது என்ற நாயின் படத்தைப் போட்டாள். அடித்தே அதன் காதைக் கிழித்த பழைய சொந்தக்காரன் கண்ணிலும் பொட்டலம் படும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவன் இரும்புக் குழாயோடு வந்தான். முதல் அடியில் பூட்டு தெறித்தது. அடுத்தது அக்காவின் தோளில் இறங்கியது.

"என் நாயை வெச்சு வியாபாரமா பண்றீங்க?"

"உன் நாயா? அதோட காதைக் கேளு, சொல்லும்," என்றாள் அக்கா, விழுந்து கிடந்தபடியே.

அவன் விசிலடித்தான். அரைக்காது வயிற்றால் ஊர்ந்து போய் அவன் காலடியில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது. அவன் குழாயை ஓங்கினான்.

தங்கை பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் அவள் தலையைச் சுவரில் மோதினான், மறுபடியும் மோதினான். பல்லில் எலும்பு தட்டியும் அவள் விடவில்லை. குழாய் கீழே விழுந்தது. அக்கா அதை எடுத்து அவன் முழங்காலில் ஒரே போடு போட்டாள்.

நொண்டிக்கொண்டு ஓடியவனிடம், "போய் ஊசி போட்டுக்க. கடிச்சது நாய் இல்லன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு," என்றாள் அக்கா.

தங்கை இரத்தத்தைத் துப்பிவிட்டு அரைக்காதின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது இன்னும் கண்ணைத் திறக்காமல் அந்த அடிக்காகக் காத்திருந்தது.