பின்வரிசைப் புட்டிகள்

ஆயிரத்து நானூற்று எழுபது பாக்கி. மனைவியின் அண்ணனான மச்சானிடம் அவன் பழைய ஃபிரிட்ஜ் வாங்கியதில் நின்றுபோன கடன். அதைக் கேட்டு மச்சான் படியேறி வந்த நேரத்தில், அவன் தோளில் பிள்ளை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"என்ன மாப்ளே, கடன்காரன் வர்றான்னு தெரிஞ்சு புள்ளைய அழ விட்டீங்களா?"

"உட்காருங்க மச்சான். இதுக்கு முதல்ல வழி பண்ணிட்டு வர்றேன்."

அவன் மூட்டை தூக்குகிறவன். விடியும் முன்னே போய் நண்பகலில் திரும்புவான். அவன் தலை தெரிந்ததும் மனைவி சலவைக்கூடத்துக்குக் கிளம்புவாள். போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள், அதுவும் அரை மனதாக. அங்கே இடைவேளையில் தாய்ப்பால் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவாள். புட்டிக்குப் புட்டி நாடா ஒட்டித் தேதி எழுதுவாள். அடுக்குவது மட்டும் அவன் வேலை. "அடுக்குற வேலைய எனக்கா சொல்லித்தரப் போறே?" என்று முதல் நாளே அவள் வாயை அடைத்துவிட்டான்.

ஃபிரிட்ஜைத் திறந்தான். முன்வரிசை காலி. நேற்று அவளுக்கு விடுமுறை, புதிதாக எதுவும் வரவில்லை. இன்று காலையில் அவள் எடுத்துவைத்த ஒன்றையும் ஒரு மணிக்கே பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று. உள்ளே சுவரோரம் மூன்று புட்டிகள் நின்றன.

"அதான் மூணு இருக்கே" என்றார் மச்சான்.

எழுத்துக் கூட்டிப் படிக்க அவன் கற்றதே நாற்பது வயதை ஒட்டித்தான். நாடாவை வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்துப் படித்தான். ஆறாம் தேதி. மூன்றிலும் அதே. இன்று பன்னிரண்டு.

அப்போதுதான் உறைத்தது. லாரியில் கடைசியாக ஏற்றியது முதலில் இறங்கும். இருபது வருடக் கைப்பழக்கம். தினமும் வந்ததை முன்னால் வைத்து, முன்னால் இருந்ததையே எடுத்துக் கொடுத்திருக்கிறான். முதல் நாள் பால் பின்னாலேயே நின்றுவிட்டது. ஃபிரிட்ஜில் நாலு நாள், அதற்கு மேல் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னபோது தலையை ஆட்டியதும் அவன்தான்.

மச்சான் மூடியைத் திறந்து முகர்ந்தார். "மணம் நல்லாத்தானே இருக்கு. நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுங்க."

"கொதிச்சா நாள் குறையுமா மச்சான்?"

தொட்டியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். ஒரு மணிக்குப் பிள்ளை குடித்து மீந்த இரண்டு விரல் பாலும் மேசையில் இருந்தது. வாய் வைத்து இரண்டு மணி நேரம் தாண்டியதால் அதையும் கொட்டினான். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் தங்கச்சி உயிரைப் பிழிஞ்சு எடுத்ததுய்யா அது."

"தெரியும். உங்க வண்டிய எடுங்க, புள்ளைய அவகிட்டயே கொண்டுபோவோம்."

போகும் வழியெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டான். உங்களை நம்பி விட்டேனே என்று அவள் வேலையை விட்டால், அவனுடைய ஒரு கூலியில் குடும்பம் ஓடாது. மறைக்கலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. பிள்ளையின் அழுகை அதை ஓட்டிவிட்டது.

சலவைக்கூடத்திலிருந்து ஈரக் கையோடு வெளியே வந்தவளிடம் நேராகவே சொன்னான். "மூணு புட்டி வீணாப்போச்சு. தப்பு என்னோடது. புதுச முன்னாடி முன்னாடி வெச்சுட்டேன்."

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மார்பில் சேர்த்தாள். அழுகை நின்றது.

"பழசக் குடுத்துடலையே?"

"இல்ல. கொட்டிட்டேன்."

"லாரி லோடா அடுக்குனீங்க?" என்றாள். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "கொட்டத் தெரிஞ்ச ஆளு, குடுக்கவும் கத்துப்பீங்க. நாளைக்கும் வேலைக்கு வர்றேன். போங்க, சூப்பர்வைசர் பாக்குது."

அன்று முதல் புதியது சுவரோரம், பழையது கதவோரம். நாடாவைப் படிக்காமல் எந்தப் புட்டியும் சூடேற வெந்நீர்க் கிண்ணத்துக்குள் இறங்குவதில்லை.

இரண்டு கூலி சேர்ந்ததில், நாலாவது சனிக்கிழமை கடன் அடைந்தது. மச்சான் எண்ணி மடியில் முடிந்துகொண்டார். அவன் நாடாவில் ஒரு துண்டு கிழித்து, தேதி போட்டு, 'பாக்கி இல்லை' என்று எழுத்துக் கூட்டி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

"நாலு நாள்ல இதையும் கொட்டிடாதீங்க மாப்ளே" என்றார் மச்சான்.