பஸ் ஏறாதவர்கள்

தையல் கடைக்கு எதிர்ச்சுவரில் சினிமாச் சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போனார்கள். நெற்றியில் திலகமிட்ட பையனும் தலையில் துப்பட்டா போட்ட பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஃபர்சானா மிஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நவராத்திரிப் பாவாடை தைக்கக் கொடுக்க வந்த லீலாபென், "என்ன ஃபர்சானா, உங்க படம் வருதாமே!" என்று சிரித்தபோது, கடையிலிருந்த மற்ற பெண்கள் சட்டென்று துணிகளைப் புரட்டத் தொடங்கினார்கள்.

குஜராத்தின் பாலன்பூரில் இத்தனை வருடமாக அவளையும் அவள் கணவன் ஹேமலையும் பற்றி யாரும் அவர்கள் முகத்துக்கு நேராகப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் ஊர் அவர்களுக்குக் கொடுத்த சலுகை. அவளுடைய அண்ணன் தெருவில் எதிர்ப்பட்டால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். ஹேமலின் அம்மா பண்டிகை நாட்களில் மகனுக்கு மட்டும் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள்; அதில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.

ஹேமல் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் சொன்னான். "வெள்ளிக்கிழமை அபு மலைக்குப் போயிடலாம். படம் ஓடி முடியட்டும்."

"படம் ஓடட்டும். நாம எதுக்கு ஓடணும்?"

"கலாட்டா பண்ணுவோம்னு பசங்க சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. என் கடை முழுக்கக் கண்ணாடி, ஃபர்சானா."

அவன் கோழை இல்லை. கல்யாணத்துக்கு முன் அவள் அப்பாவின் எதிரில் தனியாக வந்து நின்று பெண் கேட்டவன். ஆனாலும் படத்துக்குப் போவதென்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பகல் காட்சிக்கு அவள் தியேட்டருக்குப் போனபோது, முதலாளி ரம்ணீக்பாய் டிக்கெட் அறையிலிருந்து வெளியே ஓடிவந்தார்.

"வேண்டாம் ஃபர்சானாபென். நீங்க வரலைன்னா இது வெறும் கதை. நீங்க உள்ள உக்காந்துட்டா ஊர் விவகாரமாயிடும்."

"கதை பாக்கத்தான் வந்தேன். பால்கனி ஒண்ணு குடுங்க."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்," என்று பணத்தை நீட்டினாள்.

வாசலில் நாலைந்து இளைஞர்கள் வழியை மறித்து நின்றார்கள். அவர்களில் துருவின் என்பவனை அவளுக்குத் தெரியும். "இந்த மாதிரிப் படம் நம்ம ஊருக்குத் தேவையில்ல, ஃபர்சானாபென்," என்றான்.

"உன் அக்கா கல்யாண ரவிக்கைக்கு நான் தேவைப்பட்டேனே. தள்ளு."

அவன் தள்ளி நின்றான். மரியாதையால் அல்ல, அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

படத்தில் நோன்பு திறக்கும் நேரம் பையன் பேரீச்சம்பழத்தை எடுத்துப் பெண்ணிடம் நீட்டியபோது ஃபர்சானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஹேமல் அலாரம் வைத்துக்கொண்டு செய்வது அது. கடைசியில் இருவரும் பஸ் ஏறினார்கள், பாட்டு வந்தது, கூட்டம் கைதட்டியது. அவளுக்கோ கோபம் வந்தது. பஸ் கிளம்பியதும் எல்லாம் முடிந்துவிடுமா? மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிறவளை எத்தனை கண்கள் பார்க்கும் என்று ஏன் காட்டவில்லை? பஸ் ஏறுவதென்றால் அவர்களும் என்றோ ஏறியிருக்கலாம். அவளுக்கு இந்த ஊர் வேண்டியிருந்தது. அண்ணன் திரும்பிக்கொண்டு போகும் அந்தத் தெருகூட வேண்டியிருந்தது.

விளக்கு எரிந்ததும் தலைகள் அவள் பக்கம் திரும்பின. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, அவசரப்படாமல் படியிறங்கினாள்.

வெளியே, அந்த இளைஞர்களுக்கு எதிரிலேயே ஹேமல் நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கடை?"

"திறந்துதான் இருக்கு. கண்ணாடி உடைஞ்சா மாத்திக்கலாம். வா, அடுத்த காட்சிக்கு வரிசை நிக்குது."

"நான்தான் பாத்துட்டேனே. கடைசியில ரெண்டு பேரும் ஊரை விட்டுப் போயிடறாங்க."

"யாரோட பாத்த?"

அவனோடு போய் வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் இருந்தவர் திரும்பி இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்தார். இடம் விட்டாரா, விலகினாரா, தெரியவில்லை. அந்த இடைவெளியில் இருவரும் ஓரடி முன்னால் வந்து நின்றார்கள்.